பேர் தெரியாத தொட்டிச்செடி... சேப்பங்கிழங்குக்கு என்ன சொந்தம்?

"இது என்ன செடின்னு தெரியல. வெச்சுக்கலாமா, தூக்கிப் போடணுமா? கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்க, ப்ளீஸ்!"

ஓசூரிலிருந்து ஒரு வாசகி அனுப்பிய மெசேஜ் இது. கூடவே இரண்டு படங்கள். முதல் படத்தில் ஹால் மூலையில் ஒரு பழைய பெயின்ட் பக்கெட். அதில் இடுப்பு உயரத்துக்கு ஒரு செடி. அகலமான பச்சை இலை, நடுவில் வெண்ணெய் தெளித்ததுபோல் வெள்ளைத் திட்டுகள். பக்கெட்டுக்குப் பக்கத்திலேயே தரையில் ஒரு கிலுகிலுப்பை கிடக்கிறது. வீட்டில் ஒன்பது மாதக் குழந்தை, இப்போதுதான் தவழ ஆரம்பித்திருக்கிறதாம்.

இரண்டாவது படம் ஒரு வாட்ஸ்அப் ஃபார்வேர்டு. அதே மாதிரி செடியின் போட்டோ, மேலே சிவப்பு எழுத்து. இலையைக் கடித்தால் குழந்தைகள் ஒரு நிமிடத்தில் இறந்துவிடுவார்கள், பெரியவர்கள் பதினைந்து நிமிடத்தில் என்கிறது. தொட்ட கையால் கண்ணைத் தொட்டால் பார்வை போய்விடுமாம். 'உங்கள் சொந்தங்களுக்கு உடனே பகிருங்கள்.'

செடி இவர் வாங்கியது இல்லை. முன்பு குடியிருந்தவர்கள் விட்டுவிட்டுப் போனது. ஓசூர் பக்கம் வாடகை வீடு பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. சிப்காட்டில் வேலை கிடைத்து தர்மபுரி, சேலத்திலிருந்தும் பீகார், ஒடிசாவிலிருந்தும் வருகிறார்கள். வேலை மாறியதும் அத்திப்பள்ளி தாண்டி பெங்களூருக்கோ சொந்த ஊருக்கோ கிளம்பிவிடுகிறார்கள். கட்டில், கேஸ் அடுப்பு எல்லாம் வண்டியில் ஏறிவிடும், மண் தொட்டி மட்டும் ஏறாது. அடுத்து வருகிறவர்களுக்குச் செடி கிடைக்கும், பெயர் கிடைக்காது.

அதனால் இந்த வாரம் பால்கனி டிப்ஸ் எல்லாம் கொஞ்சம் ஓரமாக இருக்கட்டும். பெயர் தெரியாத ஒரு செடியின் பெயரை எப்படிக் கண்டுபிடிப்பது, அது ஏன் முக்கியம் என்று பார்ப்போம்.

இரண்டு பெயர் சொன்ன ஆப்

வாசகி தன் போனிலேயே தேடிப் பார்த்திருக்கிறார். ஒரு முறை 'அக்லோனிமா' என்று வந்திருக்கிறது, இன்னொரு முறை 'டிஃபன்பேக்கியா'. இரண்டும் நர்சரிகளில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிற செடிகள், தூரத்தில் இருந்து பார்த்தால் அக்கா தங்கை மாதிரி இருக்கும். கடைக்காரர்களே சமயத்தில் மாற்றிச் சொல்வார்கள்.

அவரிடம் இன்னும் மூன்று போட்டோக்கள் கேட்டேன்: இலையின் பின்பக்கம், இலைக்காம்பு தண்டோடு சேருகிற இடம், தண்டின் அடிப்பகுதி. மூன்றாவது படம் வந்ததுமே பாதி விடை கிடைத்துவிட்டது. தண்டு கரும்பு மாதிரி தடிமனாக, கணுக்கணுவாக, உதிர்ந்த இலைகளின் வளையத் தழும்புகளோடு ஒற்றையாக மேலே ஏறியிருந்தது. இலையின் நடு நரம்பு பின்பக்கம் விரல் கனத்துக்குப் புடைத்திருந்தது. காம்பின் அடிப்பாகம் உறை மாதிரி தண்டைச் சுற்றிப் பிடித்திருந்தது. இதெல்லாம் டிஃபன்பேக்கியாவின் அடையாளங்கள். அக்லோனிமா பொதுவாக இதைவிடக் குட்டையாக இருக்கும். அடியிலிருந்தே பல தண்டுகள் கிளம்பிப் புதர்போல் நிற்கும். இலையும் குறுகல், காம்பும் ஒல்லி.

டிஃபன்பேக்கியா தென் அமெரிக்க, மத்திய அமெரிக்கக் காடுகளில் இருந்து வந்த செடி. வியன்னாவின் ஷான்ப்ரூன் அரண்மனைத் தோட்டத்தில் தலைமைத் தோட்டக்காரராக இருந்த ஜோசஃப் டிஃபன்பாக் என்பவரின் பெயரை 1829-ல் இதற்கு வைத்தார்கள். ஆங்கிலத்தில் பட்டப்பெயர் 'டம்ப் கேன்', அதாவது ஊமைக் கரும்பு. தண்டைக் கடித்தால் நாக்கு வீங்கி, கொஞ்ச நேரம் பேச்சு வராது என்பதால் வந்த பெயர்.

அப்படியானால் அந்த ஃபார்வேர்டு உண்மைதானோ என்று தோன்றும். இல்லை. அதைப் புரிந்துகொள்ள நம் அடுப்படிக்குப் போக வேண்டும்.

கையில் எண்ணெய் தடவுவது எதற்கு?

சேனைக்கிழங்கு நறுக்கும் முன் அம்மாக்கள் கையில் எண்ணெய் தடவிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். குழம்பில் புளி கொஞ்சம் தூக்கலாகவே விழும். சரியாக வேகவில்லை என்றால் தொண்டையில் முள் மாதிரி நமநமக்கும், அரிக்கும். சேப்பங்கிழங்கும் அப்படித்தான். எல்லையில் இருக்கும் ஓசூரில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் கேட்கும். தெலுங்குக்காரர்கள் சேமதும்ப என்பார்கள், கன்னடக்காரர்கள் கெசு என்பார்கள். மூன்று வீட்டிலும் புளி போடாமல் சமைக்க மாட்டார்கள்.

தொண்டையில் நமநமக்கும் அந்த 'முள்' நிஜமான முள்தான். கால்சியம் ஆக்ஸலேட் என்ற உப்பின் ஊசி போன்ற படிகங்கள், கண்ணுக்குத் தெரியாத அளவில், கட்டுக்கட்டாக அந்தச் செடிகளின் செல்லுக்குள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. கடித்தால் செல் உடைந்து ஊசிகள் பாய்ந்து வெளியே வரும். வாய், நாக்கு, தொண்டையின் மெல்லிய தோலில் குத்தும். எரிச்சல், வீக்கம், எச்சில் ஒழுகுதல் எல்லாம் அதனால்தான்.

டிஃபன்பேக்கியாவும் சேனையும் சேம்பும் ஒரே குடும்பம். தாவரவியலில் 'அரேசியே' என்பார்கள், நாம் சேம்புக் குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். இப்போது உங்கள் வீட்டைச் சுற்றிப் பாருங்கள். மணி பிளான்ட், அக்லோனிமா, சிங்கோனியம், ஃபிலோடெண்ட்ரான், பீஸ் லில்லி, ஆந்தூரியம், 'தண்ணியே ஊத்த வேணாம்' என்று சொல்லி விற்கும் இசட் இசட் செடி எல்லாமே இந்தக் குடும்பம்தான். ஐ.டி. கம்பெனி வரவேற்பறையில் இருந்து நம் டிவி ஸ்டாண்டு வரைக்கும் நிற்பதில் பாதி, சேப்பங்கிழங்கின் பங்காளிகள்! (ஆனால் வேகவைத்தால் சாப்பிடலாமா என்று யாரும் முயற்சி செய்யாதீர்கள். சொந்தம் என்பதற்காக இதெல்லாம் சமையல் செடி ஆகிவிடாது.)

அதனால் ஒரு குழந்தை டிஃபன்பேக்கியா இலையைக் கடித்தால் பெரும்பாலும் என்ன நடக்கும்? கடித்த நொடியே எரியும். குழந்தை துப்பிவிட்டு வீறிட்டு அழும். உதடும் நாக்கும் வீங்கலாம், எச்சில் ஒழுகும். வலி காரணமாகவே அடுத்த வாய் வைக்காது, அதனால் உள்ளே போவது குறைவு. வீக்கமும் எரிச்சலும் சில மணி நேரத்திலிருந்து சில நாள்களுக்குள் அடங்கிவிடும். மிக அரிதாகத் தொண்டை வீங்கி மூச்சு விட முடியாத நிலைக்குப் போனவர்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறார்கள், அதனால் அலட்சியமாகவும் இருக்கக் கூடாது. ஆனால் 'ஒரு நிமிடம், பதினைந்து நிமிடம்' கணக்கு சுத்தப் புரளி. பல மொழிகளில், பல வருடங்களாக, வேறு வேறு போட்டோக்களோடு சுற்றிக்கொண்டிருக்கிறது.

கண் விஷயத்திலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. சாறு கண்ணில் பட்டால் கடுமையாக எரியும். உடனே குழாய்த் தண்ணீரில் பதினைந்து நிமிடமாவது விடாமல் கழுவிவிட்டுக் கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும். தொட்டதும் பார்வை போகும் என்பதெல்லாம் மிகை.

கடித்துவிட்டால் செய்ய வேண்டியதும் எளிதுதான். வாயில் இருக்கும் துண்டுகளை ஈரத் துணியால் துடைத்து எடுங்கள். வாயைக் கழுவி, குடிக்கிற வயதுக் குழந்தை என்றால் குளிர்ந்த தண்ணீரோ பாலோ கொடுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். போகும்போதும் எரித்தது வரும்போதும் எரிக்கும். வீக்கம் கூடினாலோ, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமப்பட்டாலோ தாமதிக்காமல் 108. டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் 24 மணி நேரமும் இயங்கும் தேசிய விஷத் தகவல் மையம் இருக்கிறது. கட்டணமில்லா எண் 1800 116 117. போனிலோ மருத்துவமனையிலோ முதலில் கேட்கும் கேள்விகளில் ஒன்று 'என்ன செடி?' என்பதாகத்தான் இருக்கும்.

'ஏதோ குரோட்டன்ஸ்' என்று பதில் சொன்னால் மருத்துவர் என்ன செய்வார்?

எல்லாமே குரோட்டன்ஸ்!

நம் ஊரில் இலை கலர் கலராக இருந்தால் அது குரோட்டன்ஸ். பூச்செடி இல்லாத எல்லாமே 'ஷோ பிளான்ட்'. ஓசூரில் கேட்கவே வேண்டாம். 900 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான உயரம், பக்கத்திலேயே பெங்களூரு என்பதால் குளிர்ச்சியான காற்று, பாகலூர், தளி பக்கமெல்லாம் பாலிஹவுஸ். அமுதகொண்டபள்ளியில் ஏற்றுமதிக்கென்றே டான்ஃப்ளோரா மலர்ப் பூங்கா இருக்கிறது. காதலர் தினத்துக்கு ஓசூர் ரோஜா வெளிநாடு போவதை வருடா வருடம் செய்தியாகப் போடுகிறோம். ஜனவரியிலும் ஆகஸ்ட்டிலும் லால்பாக் மலர்க் கண்காட்சிக்குப் போய்விட்டு வருகிறவர்கள் கையில் ஒரு தொட்டியாவது இருக்கும். பூவையும் செடியையும் தொழிலாகவே செய்கிற ஊர்! அங்கேயும் வீட்டுக்குள் இருக்கிற செடியின் பெயரைக் கேட்டால் 'ஷோ பிளான்ட்'தான்.

ஒரு நர்சரியில் பெயர் கேட்டபோது அங்கிருந்த அண்ணன் சொன்ன பதில் எனக்குப் பிடித்திருந்தது. "பேரு கேட்டு யாரும்மா வாங்குறா? வெயில்ல வெக்கலாமா, தண்ணி எத்தனை தடவை, பணம் வருமா... இதான் கேக்குறாங்க."

விற்கிற பெயர்களோ இன்னும் மோசம். 'லக்கி பாம்பூ' மூங்கிலே கிடையாது, ஆப்பிரிக்காவின் டிரசீனா வகை. 'ரப்பர் செடி'யில் இருந்து டயர் ரப்பர் வருவதில்லை. அது நம் ஆலமரம், அரசமரத்தின் நெருங்கிய சொந்தம், இலையைக் கிள்ளினால் பால் வடிவதும் அந்த வழியில்தான். 'ஸ்நேக் பிளான்ட்' என்று ஆன்லைனில் வாங்குகிறோமே, அதன் தம்பி ஒன்று நம் வறண்ட காடுகளில் தானாக முளைத்துக் கிடக்கிறது. மருள் என்பார்கள், நார் எடுக்கும் செடி.

இதில் பூனை வளர்ப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. 'பீஸ் லில்லி' உண்மையில் லில்லி இல்லை, மேலே சொன்ன சேம்புக் குடும்பம்தான். பூனை கடித்தால் வாய் எரியும், அவ்வளவுதான். பொக்கே கடைகளில் வரும் நிஜ லில்லிப் பூ அப்படி இல்லை. அதன் இலையோ மகரந்தமோ கொஞ்சம் உள்ளே போனாலும் பூனைக்குச் சிறுநீரகம் செயலிழந்துவிடும். பெயரில் இரண்டும் லில்லி. ஒன்று சில மணி நேரத் தொல்லை, இன்னொன்று உயிர் போகிற விஷயம்.

மனிதர்களுக்கும் இப்படி ஒரு ஜோடி இருக்கிறது. மொட்டைமாடிகளில் இப்போது பிரபலமாக இருக்கும் அடீனியம், அதாவது 'பாலைவன ரோஜா', ரோஜாவே இல்லை, அரளிக் குடும்பம். அரளி என்றதும் நம் ஊர்ப் பெரியவர்களுக்குச் சட்டென்று விஷயம் புரிந்துவிடும். இந்தக் குடும்பத்தில் சில செடிகளின் விஷம் நேராக இதயத்துடிப்பைக் குழப்பும். கேரளாவில் ஓர் இளம்பெண் அரளி இலையை மென்றதால் இறந்ததாகச் சந்தேகம் எழுந்து, 2024 மே மாதம் திருவிதாங்கூர், மலபார் தேவஸ்வம் போர்டுகள் தங்கள் கோயில்களில் நைவேத்தியத்துக்கும் பிரசாதத்துக்கும் அரளிப்பூவைப் பயன்படுத்துவதை நிறுத்தின. இத்தனைக்கும் நெடுஞ்சாலை நடுத்திட்டுகளில் நாம் தினமும் பார்த்துக்கொண்டே போகிற செடி அது. ஃபார்வேர்டு பார்த்து டிஃபன்பேக்கியாவைத் தூக்கிப் போட்டுவிட்டு, அதே இடத்தில் அழகாக இருக்கிறதென்று அடீனியத்தை வைத்தால், குழந்தை இருக்கும் வீட்டுக்கு அது முன்னேற்றம் இல்லை.

84 வருடம் அலைந்த மணி பிளான்ட்

செடிக்குப் பெயர் கண்டுபிடிப்பது நமக்கு மட்டும் கஷ்டம் என்று நினைக்காதீர்கள். உலகத்திலேயே அதிகம் வளர்க்கப்படும் வீட்டுச் செடிகளில் ஒன்றான மணி பிளான்ட், விஞ்ஞானிகளையே அலைய விட்டிருக்கிறது. பசிபிக் கடலில் தாஹிட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் மூரியா தீவைச் சேர்ந்தது என்று கருதப்படும் இந்தக் கொடிக்கு 1880-ல் 'பொத்தோஸ்' என்று பெயர் வைத்தார்கள். பிறகு 'சிண்டாப்சஸ்' என்று மாற்றினார்கள். 1962-ல் அபூர்வமாக ஒரு கொடி பூத்தது. பூவைப் பார்த்துவிட்டு 'ராஃபிடோஃபோரா' என்றார்கள். கடைசியில் 1964-ல்தான் இன்றைய பெயரான 'எபிப்ரெம்னம் ஆரியம்' வந்து சேர்ந்தது. விற்பனையில் இன்றும் பழைய பெயர் 'பொத்தோஸ்' ஓடிக்கொண்டிருக்கிறது.

ஏன் இத்தனை குழப்பம்? செடிகளைப் பிரிக்க முக்கிய ஆதாரம் பூ. மணி பிளான்ட்டோ பூப்பதே இல்லை. 2016-ல் வெளியான ஓர் ஆய்வு காரணத்தையும் சொன்னது. பூக்கத் தூண்டும் ஜிப்பரெலின் என்ற ஹார்மோனைத் தயாரிக்கும் மரபணு இதில் வேலை செய்யவில்லை. வெளியிலிருந்து அந்த ஹார்மோனைத் தெளித்ததும் பூத்தது!

அது மட்டுமில்லை. நம் வீட்டு பாட்டிலில் உள்ளங்கை அளவு இலை விடும் அதே கொடியை ஒரு மரத்தில் ஏற்றிவிட்டால், முறம் அளவுக்கு, ஓரங்கள் கிழிந்த மாதிரி இலை விடும். இரண்டு போட்டோவையும் பக்கத்தில் வைத்தால் ஒரே செடி என்று யாரும் நம்ப மாட்டார்கள், போன் ஆப்பும் நம்பாது.

வீட்டுச் செடி விஷயத்தில் ஆப்கள் தடுமாறுவதற்கு இதெல்லாம்தான் காரணம். பூ இருக்காது, இளம் இலை ஒரு மாதிரியும் முதிர்ந்த இலை ஒரு மாதிரியும் இருக்கும். போதாக்குறைக்கு நர்சரிக்காரர்கள் வெள்ளை, மஞ்சள், பிங்க் என்று விதவிதமாகப் புள்ளி போட்ட ரகங்களை உருவாக்கிக்கொண்டே இருப்பார்கள். பிரான்ஸ் ஆய்வு நிறுவனங்கள் உருவாக்கிய 'பிளான்ட்நெட்' ஆப் இலவசம், நன்றாகவும் இருக்கிறது. எத்தனை சதவிகிதம் பொருந்துகிறது என்றும் காட்டும். 'ஐநேச்சுரலிஸ்ட்'டில் மற்றவர்களும் பார்த்துத் திருத்துவார்கள். ஆனால் அது முக்கியமாகக் காட்டில் தானாக வளர்வதற்கானது, தொட்டிச் செடிக்கு அங்கே மவுசு குறைவு.

எந்த ஆப் என்றாலும் என் யோசனை இதுதான்: முதலில் வரும் பெயரை நம்பி நிறுத்திவிடாதீர்கள். வரும் நாலைந்து பெயர்களும் எந்தக் குடும்பம் என்று பாருங்கள். எல்லாம் சேம்புக் குடும்பம் என்றால், ரகம் சரியாகத் தெரியாவிட்டாலும் 'வாய் எரியும் செடி' என்ற முடிவுக்கு வரலாம். ஒரு பெயர் சேம்பு, இன்னொன்று அரளி என்று வந்தால் இன்னும் போட்டோ எடுக்க வேண்டியிருக்கிறது என்று அர்த்தம்.

போட்டோ எடுக்கும்போது பகல் வெளிச்சம் போதும், ஃப்ளாஷும் ஃபில்டரும் வேண்டாம். முழுச் செடியை ஒன்று. ஒரே ஓர் இலையைப் பின்னால் வெள்ளைத் தாள் பிடித்து முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. காம்பும் தண்டும் சேரும் கணு ஒன்று. பெரும்பாலானவர்கள் இந்தக் கணுவை விட்டுவிடுகிறார்கள், பாதி அடையாளம் அங்கேதான் இருக்கிறது. பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்தால் அளவு தெரியும். கிளை வெட்டும்போது பால் வடிகிறதா என்றும் கவனித்து வையுங்கள். ஆல் அத்தி, கள்ளி, அரளிக் குடும்பங்களில் பல செடிகளுக்குப் பால் உண்டு, சேம்புக் குடும்ப வீட்டுச் செடிகளில் அப்படி வெள்ளைப் பால் வழிவது அரிது. இதற்காகவே செடியைக் கிள்ளிப் பார்க்க வேண்டாம். வெட்டினால் கையுறை போட்டு வெட்டுங்கள், கை கழுவும் முன் கண்ணைத் தேய்க்காதீர்கள்.

போனில் தீராத சந்தேகத்துக்கு நேரில் காட்ட இடம் இருக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் எலுமிச்சங்கிரியில் வேளாண் அறிவியல் மையமும், பையூரில் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன. பக்கத்துக் கல்லூரியில் தாவரவியல் துறை இருந்தால் அங்கே ஓர் ஆசிரியரிடம் ஒரு கிளையைக் காட்டுங்கள், ஆர்வமாகச் சொல்வார்கள். மருத்துவ, ஆய்வுக் காரணங்களுக்காகத் துல்லியமான அடையாளம் தேவைப்படுகிறவர்கள் கடைசியாகப் போய் நிற்கும் இடம் கோவையில் இருக்கும் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையம். 1853-ல் தொடங்கப்பட்ட 'மெட்ராஸ் ஹெர்பேரியம்', அதாவது உலர்த்திய செடிகளின் சேமிப்பு, அங்கேதான் இருக்கிறது.

வாசகிக்கு அனுப்பிய பதில் இது: செடியின் பெயர் டிஃபன்பேக்கியா. குழந்தைக்குக் கை எட்டாத உயரத்துக்கோ பால்கனிக்கோ மாற்றுங்கள். உதிரும் இலையை அன்றன்றே எடுத்துவிடுங்கள். அதற்கு இடமில்லை என்றால், குழந்தை இல்லாத வீட்டுக்குக் கொடுத்துவிடலாம், பெயரைச் சொல்லிக் கொடுங்கள். பெர்மனென்ட் மார்க்கரில் பக்கெட்டின் மேலேயே எழுதிவிட்டால் இன்னும் நல்லது.

யாருமே வாங்கவில்லை என்றாலும் ஏரிக்கரையில் கொண்டுபோய்க் கொட்ட வேண்டாம். தளி, அஞ்செட்டி காடுகளில் இன்று புதர் புதராக நிற்கும் உண்ணிச்செடி 1800-களின் தொடக்கத்தில் கொல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு அழகுச் செடியாக வந்ததுதான். ஏரிகளை மூடும் ஆகாயத்தாமரையும் பூ அழகுக்காகத் தென் அமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டது. தண்டைத் துண்டு துண்டாக வெட்டி, வெயிலில் நன்றாகக் காய வைத்து, பிறகு குப்பையில் போடுங்கள். டிஃபன்பேக்கியாவின் ஒரு கணு ஈரத்தில் கிடந்தால்கூட மறுபடி துளிர்த்துவிடும்.